எள்ளுருண்டைக் கணக்கு: தொழில் திட்டம் எழுதும் மாணவருக்குள் என்ன நடக்கிறது?

பாளையங்கோட்டையில் வணிகவியல் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் இறுதியாண்டு வகுப்பின் முதல் நாளில், படிப்பு முடிந்ததும் என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்பேன். டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, சென்னையில் அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனி, துபாயில் இருக்கும் மாமா என்று பதில்கள் வரும். ஐந்தாறு பேர் மட்டும் கொஞ்சம் தயங்கி, "சொந்தமா ஏதாவது பண்ணணும் சார்" என்பார்கள்.

அந்த 'ஏதாவது' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது இருக்கும்வரை அந்த வாக்கியம் வெறும் ஆசை. அதை எடுத்துவிட்டு என்ன பொருள், யார் வாங்குவார், என்ன விலை, யாருடைய பணம், எந்த மாதம் தொடங்குவது என்று நிரப்ப ஆரம்பித்தால் அது தொழில் திட்டம். வங்கியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்பார்கள், கல்லூரியில் பிசினஸ் பிளான் என்பார்கள். பெரும்பாலானவர்கள் இதைக் கடன் வாங்குவதற்கான காகிதம் என்று நினைக்கிறார்கள். கடனுக்கு அது வேண்டும்தான். ஆனால் மாணவருக்கு அதனால் கிடைக்கும் பெரிய பலன் கடன் வாங்குவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. எழுதி முடிப்பதற்குள் எழுதுகிறவர் மாறிவிடுகிறார். எப்படி என்று ஒரு சின்ன உதாரணத்தோடு சொல்கிறேன்.

நான்கு மாணவர்கள், 80 உருண்டை

ஒரு வருடம் நான்கு மாணவர்கள் கருப்பட்டி எள்ளுருண்டை செய்து விற்பதாகத் திட்டம் எழுத முன்வந்தார்கள். நல்ல யோசனைதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு இந்தப் பக்கம் தனி மதிப்பு உண்டு, எள்ளுருண்டையைத் தெரியாத வீடு இல்லை, சீனி வேண்டாம் என்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். முதல் வாரமே கணக்கோடு வந்தார்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. கடையில் இன்றைக்கு வேறாக இருக்கலாம். கணக்கு போகும் போக்கை மட்டும் கவனியுங்கள்.

ஒரு கிலோ கருப்பு எள் 200 ரூபாய். கருப்பட்டி கிலோ 360 என்றால், முக்கால் கிலோ 270 ரூபாய். ஏலக்காய், கேஸ் எல்லாம் சேர்த்து 30 ரூபாய். ஆக 500 ரூபாய். இதில் சுமார் 80 உருண்டை வரும். ஒன்றுக்கு 6 ரூபாய் 25 காசு ஆகிறது. 12 ரூபாய்க்கு விற்றால் 5 ரூபாய் 75 காசு லாபம். "கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி சார்!" என்றான் ஒருவன். வகுப்பே கை தட்டியது.

பாக்கெட் இல்லாமலா விற்பீர்கள் என்று கேட்டேன். பத்து உருண்டைக்கு ஓர் அட்டைப் பெட்டி, அதன்மேல் லேபிள், இரண்டும் சேர்த்து 8 ரூபாய். உருண்டைக்கு 80 காசு கூடியது. 7 ரூபாய் 5 காசு. இன்னும் நல்ல லாபம்தான்.

அப்போது அந்தக் குழுவில் முக்கூடலிலிருந்து வரும் மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "சார், எங்க அம்மா ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குதாங்க. நாங்க உருட்டுத உருண்டைக்கு மட்டும் கூலி கிடையாதா?"

தொழில் தொடங்குகிறவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தப்பு இதுதான்: தன் உழைப்புக்கு விலை போடாமல் விடுவது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன், யார் மனதிலும் தங்கியதில்லை. பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அது தானாகத் தோன்றியது, ஏனென்றால் எண்ணிக்கைக் கூலி என்றால் என்ன என்று அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். வறுக்க, இடிக்க, உருட்ட இரண்டு பேருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தார்கள். மணிக்கு 60 ரூபாய் வீதம் 240 ரூபாய். உருண்டைக்கு 3 ரூபாய். இப்போது 10 ரூபாய் 5 காசு.

கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பஸ், ஆட்டோ செலவு உருண்டைக்கு 50 காசு. 10 ரூபாய் 55 காசு. அப்புறம் கடைக்காரருக்கு நூற்றுக்கு 20 கமிஷன். 12 ரூபாயில் 2 ரூபாய் 40 காசு அவருக்கு, 9 ரூபாய் 60 காசு இவர்கள் கைக்கு. அதாவது ஒவ்வோர் உருண்டைக்கும் 95 காசு நட்டம். ஆயிரம் உருண்டை விற்றால் 950 ரூபாய் போகும். விற்க விற்கப் பள்ளம் ஆழமாகும்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடிக்கும். அதற்குப் பிறகுதான் உண்மையான யோசனை தொடங்கும். ஒருவன், கடையை விட்டுவிட்டுக் கல்லூரியிலேயே நேரடியாக விற்கலாம் என்றான். கமிஷனும் இல்லை, வண்டிச் செலவும் இல்லை, 12 ரூபாயில் 1 ரூபாய் 95 காசு மிஞ்சும். ஆனால் நாளுக்கு எத்தனை விற்கும்? இன்னொருத்தி விலையை 15 ஆக்கலாம் என்றாள். கமிஷன் போக 12 ரூபாய் வரும், 1 ரூபாய் 45 காசு லாபம். ஆனால் 15 ரூபாய்க்கு வாங்குவார்களா? மூன்றாவது யோசனை, ஒரே நேரத்தில் 5 கிலோ எள் போட்டுச் செய்வது. 400 உருண்டையை இரண்டு பேர் ஐந்து மணி நேரத்தில் முடித்தால் கூலி உருண்டைக்கு 1 ரூபாய் 50 காசாக இறங்கும். பழைய 12 ரூபாய்க்கே கடையில் கொடுத்தாலும் 55 காசு மிஞ்சும். ஆனால் 400 உருண்டை கெட்டுப்போவதற்குள் விற்றுத் தீருமா?

ஒவ்வொரு பதிலும் ஒரு புதுக் கேள்வியைக் கொண்டுவந்ததைப் பாருங்கள். அந்தக் கேள்விகளுக்கு வகுப்பறைக்குள் பதில் இல்லை. வெளியே போனால்தான் கிடைக்கும்.

கேட்கப் பழகுவது

பாளை மார்க்கெட்டுக்கும் டவுனுக்கும் அனுப்பினேன். ஒரு பலசரக்குக் கடை அண்ணாச்சி கேட்டாராம்: "சரக்கு நின்னுபோச்சுன்னா திருப்பி எடுத்துக்கிடுவியாடே? துட்டு உடனே வேணுமா, ஒரு மாசம் கழிச்சுத் தந்தாப் போதுமா?"

இந்த இரண்டு கேள்விகளையும் அவர்கள் யோசித்ததே இல்லை. விற்காத சரக்கு திரும்பி வரும் என்பதும், விற்ற சரக்குக்கும் பணம் ஒரு மாதம் கழித்துத்தான் வரும் என்பதும் அன்றுதான் உறைத்தது. லாபம் இருந்தாலும் கையில் காசு இல்லாமல் போகலாம். அடுத்த தவணை எள் வாங்கப் பணம் வேண்டுமே! நடைமுறை மூலதனம் என்று நாங்கள் பாடத்தில் சொல்வதைக் கடைக்காரர்கள் 'ரொட்டேஷன்' என்று சொல்வார்கள். சின்னத் தொழில்கள் பலவற்றை முடக்குவது இந்த ரொட்டேஷன் தட்டுப்பாடுதான்.

இன்னொருவன் தன் ஆச்சியிடம் போனான். ஆச்சி இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். பதநீர் இறங்கும் காலத்தில் கருப்பட்டி மலிவாகக் கிடைக்கும், அப்போதே வாங்கி வைக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி கசியும், அதனால் அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். இந்த இரண்டு வரியும் திட்டத்தில் இரண்டு பக்கங்களை மாற்றின. சீசனில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் பணம் முடங்கும். ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னால் ஈரம் படாத இடமும் வேண்டும். விலை மலிந்த கருப்பட்டியில் சீனி கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் அவர் கொடுத்தார். நம்பகமான ஒரே இடத்தில் வாங்குவது என்று குழு முடிவு செய்தது.

தொழில் திட்டம் எந்தத் திறமையை வளர்க்கிறது என்று கேட்டால், நான் முதலில் இதைத்தான் சொல்வேன்: தெரியாதவரிடம் போய்ச் சரியான கேள்வி கேட்பது. பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் நாம் பிள்ளைகளைப் பதில் சொல்லத்தான் பழக்குகிறோம்.

இரண்டாவது, ஊகத்தையும் உறுதியையும் பிரித்துப் பார்ப்பது. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஓர் அடையாளம் போடச் சொல்வேன். கடையில் கேட்டு வந்த எண்ணுக்கு 'கே', நீங்களாக நினைத்த எண்ணுக்கு 'நி'. முதல் வாரம் பக்கம் முழுக்க 'நி'தான் இருக்கும். ஐந்தாவது வாரம் பாதி 'கே' ஆகியிருக்கும்.

மூன்றாவது, போட்ட முதல் எப்போது திரும்பும் என்று பார்க்கத் தெரிவது. மிக்ஸி, பாத்திரம், லேபிள் அச்சடிப்பு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்வோம். உருண்டைக்கு 1 ரூபாய் 45 காசு மிஞ்சினால், 6,000 ரூபாயை 1.45 ஆல் வகுக்க வேண்டும். 4,138 உருண்டை விற்றால்தான் போட்ட பணம் கைக்கு வரும். 80, 80 ஆகச் செய்தால் 52 தடவை. வாரம் ஒரு தடவை என்றால் ஒரு வருடம். இந்த ஒரே எண் மாணவரின் கண்ணில் தொழிலின் அளவையே மாற்றிவிடும்.

எதிரே இருப்பவர் சும்மா இருக்கமாட்டார்

திட்டத்தில் எப்போதும் மெலிந்து கிடக்கும் பக்கம், போட்டியாளர் பற்றிய பக்கம். "இதே பொருள் இப்போதும் கடைகளில் இருக்கிறது, எங்கள் தரம் இன்னும் நன்றாக இருக்கும்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அப்போது நான் வ.உ.சி.யைப் பற்றிச் சொல்வேன். ஒட்டப்பிடாரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, ஆகவே அவர் நம் மண்ணின் தொழில்முனைவோர் என்று சொல்ல முழு உரிமை உண்டு.

1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதைப் பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். சாதாரண வியாபாரியும் ஒரு பங்காவது வாங்க முடிகிற மாதிரிப் போட்ட கணக்கு அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓடியது. எதிரே இருந்த பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, ஒரு கட்டத்தில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகச் சொல்லி, பயணிகளுக்குக் குடையும் கொடுத்தது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனியும் பிறகு தாக்குப்பிடிக்கவில்லை. அந்த வீழ்ச்சியில் அரசின் அடக்குமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. அதைத் திட்டமிடலின் குறை என்று சொல்வது நியாயம் ஆகாது. மாணவர் இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒரு கேள்வியைத்தான்: நம்மைவிடப் பணபலம் உள்ளவன் ஆறு மாதம் நட்டத்துக்கு விற்றால் நாம் எத்தனை நாள் நிற்போம்? இதற்கு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

அறிக்கையை நீங்களே எழுதுங்கள்

அரசின் உதவித் திட்டங்கள் பல இருக்கின்றன. மாவட்டத் தொழில் மையத்தில் போய் விசாரிக்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையான திட்டங்களுக்கு வங்கிக் கடனும் மானியமும் உண்டு. பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தமிழக அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம். எல்லாவற்றுக்கும் திட்ட அறிக்கை கேட்பார்கள்.

காசு கொடுத்தால் ஒரே நாளில் அறிக்கை தயாரித்துக் கொடுப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வரி விவரம், வங்கிப் படிவம் ஆகியவற்றுக்கு அவர்கள் உதவி தேவைப்படலாம், தப்பில்லை. ஆனால் விற்பனை எவ்வளவு, செலவு எவ்வளவு என்ற எண்களை அவர்கள் போடவிடாதீர்கள். அப்படிப்பட்ட அறிக்கையில் எண்கள் எல்லாம் வங்கிக்குப் பிடித்தமாதிரி அழகாக ஏறும். மேனேஜர் இரண்டாவது கேள்வி கேட்டதும் பையன் விழிப்பான். அதைவிடப் பெரிய இழப்பு, அண்ணாச்சியும் ஆச்சியும் கற்றுக்கொடுத்த எதுவும் அவனுக்குள் போயிருக்காது.

ஆசைக்கு என்ன ஆகிறது?

திட்டம் எழுதினால் மாணவருக்குத் தொழில் ஆசை கூடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்போம். ஆய்வுகள் சொல்வது அவ்வளவு நேராக இல்லை. 2003இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், தொழில்முனைவுப் பயிற்சியில் சேர்ந்த பள்ளி மாணவர்களிடம் சொந்தத் தொழில் மீதான விருப்பமும், அது நம்மால் முடியும் என்ற எண்ணமும் கூடின. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனியை நடத்திப் பார்த்தார்கள். திறமை கூடியதாகத் தெரியவில்லை, தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்தது. அதே 2010இல் வந்த ஜெர்மானிய ஆய்வுதான் நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் தொழில் திட்டம் எழுதுவதைக் கட்டாயப் பாடமாகப் படித்த மாணவர்களை, பாடத்துக்கு முன்னும் பின்னும் விசாரித்தார்கள். தங்கள் திறமை கூடியதாக மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் தொழில் தொடங்கும் எண்ணம் மொத்தத்தில் சற்றுக் குறைந்தது. இதற்கு அந்த ஆய்வாளர்கள் தரும் விளக்கம்: தொழில் தனக்கு ஒத்துவருமா என்று அதுவரை தெரியாமல் இருந்தவர்களுக்குப் பாடம் ஒரு தகவலைக் கொடுத்தது. சிலர் ஒத்துவரும் என்று உறுதியானார்கள், சிலர் வராது என்று தெளிந்தார்கள்.

நெல்லை அரிசிக் கடைகளில் முறத்தில் புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைதான் இங்கேயும் நடக்கிறது. எங்கள் நான்கு பேரில் இரண்டு பேர் திட்டம் முடிந்ததும் விலகிவிட்டார்கள். ஒருவன் வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போனான். "கணக்குப் பார்க்கப் பிடிச்சிருக்கு சார், கடை கடையா ஏறி இறங்கப் பிடிக்கல" என்றான். இருபது வயதில், ஒரு நோட்டுப் புத்தகச் செலவில் இது தெரிந்தது. முப்பத்தைந்து வயதில், அம்மாவின் நகையை அடகு வைத்த பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆகவே ஆசை குறைந்த மாணவரைப் பார்த்து ஆசிரியர்களும் பெற்றோரும் வருந்த வேண்டாம்.

ஆசை நிலைத்தவர்களிடம் என்ன நடக்கிறது என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஐசெக் ஆய்சன் என்பவர், ஒரு செயலைச் செய்யும் எண்ணம் மூன்று இடங்களிலிருந்து பிறக்கிறது என்றார். அந்தச் செயல் நல்லதென்று நாம் நினைப்பது ஒன்று. நமக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது இன்னொன்று. நம்மால் முடியும் என்ற நம்பிக்கை மூன்றாவது. இந்தக் கடைசி நம்பிக்கை எதிலிருந்து வலுவாக வளரும் என்று ஆல்பர்ட் பண்டுரா விரிவாக ஆராய்ந்தார். தானே செய்து பார்த்து வெற்றி கண்ட அனுபவம்தான் அதற்கு மிகப் பெரிய ஊற்று. யாரோ மேடையில் நின்று "உன்னால் முடியும்" என்று முழங்குவது அதற்கு ஈடாகாது. மூன்று கடைக்காரர்களிடம் பேசித் திரும்பிய மாணவியின் நடையிலேயே அது தெரியும்.

நம் பக்கத்தில் சிக்கல் நடுவில் இருப்பதுதான்: வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள்? மாதச் சம்பளம் வரும் மகனுக்குத்தான் பெண் கிடைக்கும் என்று நினைக்கும் ஊர் இது. "கடை வைக்கவா உன்னைப் படிக்க வச்சேன்" என்று அப்பா கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது. அந்த அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது. ஒரு மழை பொய்த்தாலோ ஒரு கடன் தவறினாலோ வீடு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். எவ்வளவு போகும், அதிகபட்சம் எவ்வளவு நட்டம் வரும், எந்தத் தேதியில் நிறுத்திவிடுவோம் என்று எழுதிய ஒரு தாளைக் காட்டினால், பேச்சு திசை மாறுகிறது. பிள்ளையின் வருங்காலத்தைப் பற்றிய சண்டை, எள் விலையைப் பற்றிய ஆலோசனை ஆகிவிடுகிறது.

முக்கூடல் மாணவி தன் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த திங்கட்கிழமை கூலிப் பக்கம் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. என்னம்மா ஆச்சு என்றேன்.

"அம்மா படிச்சுப் பாத்தாங்க சார். 80 உருண்டைக்கு ரெண்டு பேரு ரெண்டு மணி நேரமான்னு சிரிச்சாங்க. வறுத்து இடிச்சு உருட்ட நான் ஒருத்தியே ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுருவேன்னாங்க. ஞாயித்துக்கிழமை செஞ்சும் காட்டிட்டாங்க."

ஒன்றரை மணி நேரத்துக்கு 90 ரூபாய். உருண்டைக்கு 3 ரூபாயாக இருந்த கூலி 1 ரூபாய் 13 காசுக்கு இறங்கியிருந்தது. அடக்கம் 8 ரூபாய் 68 காசு. கடையில் 12 ரூபாய்க்கே கொடுத்தாலும் 92 காசு மிச்சம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'நி'யை அடித்துவிட்டு 'கே' என்று எழுதியிருந்தாள்.